மாலை மாற்றினால் போதுமா?

டீ ஆறிப்போவதற்குள் குடியுங்கள். நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி, பதில் கொஞ்சம் நீளம்.

உங்கள் வீட்டு நிலவரம் இப்போது பல வீடுகளில் உள்ளதுதான். மகளும் அவள் தேர்ந்தெடுத்த பையனும் ஐயர் வேண்டாம், ஓமம் வேண்டாம், நல்ல நேரம் பார்க்க வேண்டாம் என்கிறார்கள். உங்கள் அம்மாவோ, “மேடையில ஏறி கையெழுத்துப் போட்டு இறங்கறதுக்குப் பேரு கல்யாணமாடா?” என்கிறார். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு நடுவில் நிற்கிறீர்கள். கடைசியில் மகள் ஒரு படி இறங்கி வந்திருக்கிறாள்: சாமி இல்லாத, அர்த்தமுள்ள ஒரே ஒரு சடங்கு இருந்தால் செய்கிறேன் என்று. அது எது என்பது உங்கள் கேள்வி.

இணையத்தில் தேடினால் மண் கலப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, கையில் ரிப்பன் கட்டுவது என்று பட்டியல் கொட்டும். அவற்றுக்குப் பிறகு வருவோம். இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 100 வருடமாகக் கேட்கப்பட்டு, நீதிமன்றம் ஏறி, சட்டமன்றத்தில் முடிவான கேள்வி. அதைத் தெரிந்துகொண்டு பட்டியலைப் பார்த்தால் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தம் என்ற ஊரில் 1928 மே 28 அன்று பெரியார் தலைமையில் நடந்ததையே முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இயக்கத்தார் குறிப்பிடுகிறார்கள். அதன் பிறகு நடந்த கல்யாணங்களில் என்னென்ன விலக்கப்பட்டன என்பது எல்லோருக்கும் தெரியும்: புரோகிதர், புரியாத மந்திரம், முகூர்த்தம், ஓமம். வேண்டுமென்றே ராகு காலத்தில் நடத்தியவர்களும் உண்டு. ஆனால் என்ன விலக்கப்படவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அத்தனை கறாரான பகுத்தறிவாளர்களும் மாலையை விடவில்லை. தொடக்க காலத்தில் தாலி கட்டிய சுயமரியாதைத் திருமணங்கள்கூட நடந்திருக்கின்றன.

இதை முரண்பாடு என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தலில் 500 பேர் உட்கார்ந்திருக்கும்போது, ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற சொல் முதல் நான்கு வரிசைக்குக் கேட்கும். மாலை கழுத்தில் விழுவது கடைசி வரிசையில் எட்டிப் பார்க்கும் குழந்தைக்கும் தெரியும். ஊரறிய நடந்தது என்று பின்னாளில் சொல்வதற்கு ஊர் கண்ணால் பார்த்த ஒரு செயல் வேண்டும். கடவுளை எடுத்துவிட்டாலும் அந்தத் தேவை போவதில்லை. மாலை அப்படியொன்றும் தெய்வீகச் சமாசாரமும் கிடையாது. சாமிக்குப் போடுகிறோம், அமைச்சருக்குப் போடுகிறோம், செத்தவர் படத்துக்கும் போடுகிறோம். யார் யாருக்குப் போடுகிறார் என்பதில்தான் அதன் பொருள்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம், இப்படி நடந்த ஒரு கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சாத்திரம் சொல்லும் சடங்கும் நடக்கவில்லை, நெடுநாள் வழக்கம் என்றும் காட்ட முடியவில்லை என்பது வாதம். கால் நூற்றாண்டாக ஊர் ஊராக நடந்த கல்யாணங்கள் ஒரே தீர்ப்பில் ஆட்டம் கண்டன. பிறந்த பிள்ளைகளின் வாரிசுரிமை வரை கேள்வி போனது. 1955-இல் வந்த இந்து திருமணச் சட்டமும் உதவவில்லை. மணமக்களில் ஒருவர் தரப்பு வழக்கப்படியாவது சடங்குகள் நடக்க வேண்டும் என்றது அதன் 7-ஆம் பிரிவு. அக்னியின் முன் ஏழடி வைப்பது அந்த வழக்கத்தில் உண்டென்றால், ஏழாவது அடியில்தான் கல்யாணம் முழுமை பெறும் என்றும் சொன்னது. அக்னியே வேண்டாம் என்றவர்கள் எங்கே போய் ஏழடி வைப்பது?

1967-இல் அண்ணா முதலமைச்சரானதும் கொண்டுவந்த திருத்தம்தான் இதற்கு முடிவு கட்டியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 7-ஏ பிரிவு அது. சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம் என்ற பெயர்களைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்த பிரிவு. உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில் மூன்றில் ஏதாவது ஒன்றைச் செய்தால் போதும். ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொல்லலாம். அல்லது ஒருவருக்கொருவர் மாலையோ விரலில் மோதிரமோ அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். முன்பு நடந்து முடிந்த சுயமரியாதைத் திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று பின்னோக்கியும் பாதுகாப்புக் கொடுத்தார்கள். தாலியை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டாயமாக்காமல், மூன்றில் ஒன்றாக மட்டும் வைத்ததில்தான் இந்தச் சட்டத்தின் உயிர் இருக்கிறது.

ஆக, தமிழ்நாட்டு மேடையில் மாலையும் மோதிரமும் வெறும் அலங்காரம் இல்லை, சட்டச் செயல். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2001-இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கு. மனைவி உயிரோடிருக்க இன்னொரு கல்யாணம் செய்துகொண்டவர் மீது மனைவி தொடுத்தது. அவர் தரப்பு சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? இரண்டாவது கல்யாணத்தில் ஏழடி வைக்கவில்லை, ஆகவே அது கல்யாணமே இல்லை, ஆகவே குற்றமும் இல்லை! தமிழ்நாட்டில் 7-ஏ இருக்கிறது, தாலி கட்டியதே போதும், கல்யாணம் நடந்ததுதான் என்று நீதிமன்றம் கதவைச் சாத்தியது. சாத்திரத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தவரைச் சீர்திருத்தச் சட்டம் பிடித்துக்கொண்டது எனக்குப் பிடித்த வேடிக்கை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் வேறொரு வழக்கில், எந்தச் சடங்கும் நடக்காமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் வாங்கிவைத்தால் இந்து திருமணச் சட்டப்படி அது கல்யாணம் ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே உங்கள் அம்மா கேட்ட கேள்வியில் சட்ட நியாயமும் கொஞ்சம் இருக்கிறது. ஏதாவது ஒன்று நடக்கத்தான் வேண்டும். அந்த ஒன்று மிகச் சிறியதாக இருக்கலாம் என்பதுதான் நம் மாநிலத்தின் சலுகை. கூட்டம் கூட்டி ஊருக்கு அறிவித்தாக வேண்டும் என்பதும் இல்லை. வக்கீல் அறையில் நான்கு நண்பர்கள் முன்னால் செய்துகொண்டாலும் செல்லும் என்று 2023-இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வீட்டை எதிர்த்து வரும் பிள்ளைகளுக்கு அது உயிர்காக்கும் தீர்ப்பு. உங்கள் மகளுக்கு நல்லவேளையாக மண்டபமே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 7-ஏ இரண்டு இந்துக்களுக்கு மட்டும். சட்டத்தின் கணக்கில் பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடக்கம். பையன் கிறிஸ்தவனாகவோ முஸ்லிமாகவோ இருந்தால், அல்லது கல்யாணத்தை பெங்களூரில் வைத்தால், 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள், திருமண அதிகாரி முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லும் வாசகம். அதிலும் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அந்த வாசகத்தைச் சொல்லிவிட்டால் போதும், மற்றபடி கல்யாணத்தை எந்த வடிவில் வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளலாம் என்கிறது 12-ஆம் பிரிவு. அதாவது அங்கேயும் உங்கள் மகள் கேட்கும் அந்த ஒரு சடங்குக்கு இடமிருக்கிறது.

இப்போது, எந்தச் சடங்கு?

இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்கச் சொல்லுவேன். முதலாவது: இதை அவள் அவனுக்கும் அவன் அவளுக்கும் அப்படியே மாற்றிச் செய்ய முடியுமா? மாலை, முடியும். மோதிரம், முடியும். உறுதிமொழி, முடியும். தாரை வார்ப்பது முடியாது, பையனை யாரும் தாரை வார்ப்பதில்லை. அம்மி மிதிப்பது முடியாது, கல்லைப் போல் உறுதியாக இரு என்ற புத்திமதி ஒருத்திக்கு மட்டும்தான். அருந்ததி பார்ப்பதும் அதே கதை. தாலியும் இதில் தேறாது. கட்டுபவன் ஒருவன், சுமப்பவள் ஒருத்தி. அவன் இறந்தால் அவளிடமிருந்து கழற்றுகிறார்கள், அவள் இறந்தால் அவனிடம் கழற்ற ஒன்றுமே இல்லை. இருவரும் ஒருவருக்கொருவர் சங்கிலி அணிவித்துக் கொள்கிறார்களே, அது தேறும். உங்கள் மகளே விரும்பித் தாலி கட்டிக்கொள்கிறேன் என்றால் அது அவள் இஷ்டம், சட்டமும் தடுக்காது. ஆனால் அதை மேடையில் சமத்துவத்தின் அடையாளம் என்று விளக்கிப் பேச வேண்டாம். கேட்பவர்களுக்குக் காது இருக்கிறது.

சிலர், ஆதித் தமிழர் முறைக்கே போய்விடலாமே என்பார்கள். அகநானூற்றின் 86-ஆம், 136-ஆம் பாட்டுகளைக் காட்டுவார்கள். நல்ல சான்றுகள்தான். மணல் பரப்பிய பந்தல், உளுந்து சேர்த்துச் சமைத்த சோறு, ரோகிணியோடு நிலா சேர்ந்த நாள், மணப்பெண்ணைப் பூவும் நெல்லும் இட்ட நீரால் முழுக்காட்டும் பெண்கள். புரோகிதரும் இல்லை, தீ வலமும் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வந்தால்தான் கோவலனும் கண்ணகியும் முதிய பார்ப்பனர் வழிகாட்டத் தீயை வலம் வருகிறார்கள். 136-ஆம் பாட்டில் அறுகம்புல்லோடு சூட்டும் வெள்ளை நூல் ஒன்று வருகிறது. அது தாலியா, வெறும் காப்பு நூலா என்று புலவர்கள் மல்லுக்கட்டியது தனிக் கதை.

ஆனால் அந்த 86-ஆம் பாட்டையே என் இரண்டாவது கேள்வியால் உரசிப் பாருங்கள்: இந்தச் சடங்கிலிருந்து மண்டபத்தில் யார் ஒதுக்கப்படுகிறார்? மணப்பெண்ணை நீராட்டுகிற நான்கு பெண்களும் மகனைப் பெற்றவர்களாக இருக்க வேண்டும். மகள் மட்டும் பெற்றவள் குடத்தைத் தொட முடியாது. பிள்ளை இல்லாதவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஐயரும் ஓமமும் இல்லாமலேயே ஒரு சடங்கு ஆளைப் பிரிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பழமை என்பதற்காக மட்டும் எதையும் எடுத்து வந்துவிட வேண்டாம்.

இன்றைய மண்டபத்திலும் ஒதுக்கல் நடந்துகொண்டுதான் இருக்கிறது, பெயர்தான் சுமங்கலி. உங்கள் அம்மா எத்தனை வருடமாகக் கல்யாண வீடுகளில் மேடைக்குப் பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்காருகிறார் என்று யோசித்திருக்கிறீர்களா? அப்பா போன பிறகு அவர் கையால் யாராவது மஞ்சள் குங்குமம் வாங்கியிருக்கிறார்களா? மகளின் கல்யாணத்தில் மாலைத் தட்டை அவர் கையில் கொடுங்கள். அவர் எடுத்து நீட்ட, பேத்தி வாங்கிப் பையனுக்குப் போடட்டும். இன்னொரு மாலையைப் பையன் வீட்டுப் பெரியவர் ஒருவர் நீட்டட்டும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ‘ஒண்ணுமே இல்லாத கல்யாணம்’ என்று வருத்தப்பட்டவருக்கு அந்தக் கல்யாணத்தின் நடுவிடம் கிடைக்கும். அவர் மறுக்கவும் கூடும், ‘நான் தொடக் கூடாது’ என்று தானே விலகுவார். ஒரு மாதம் முன்பே பேசிவையுங்கள், மேடையில் வைத்துக் கெஞ்சாதீர்கள்.

மாலைக்கு மேல் ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால், அந்தப் பட்டியலுக்கு வருவோம். கைகளைச் சேர்த்துத் துணியால் கட்டுவது ஸ்காட்லாந்தில் பழைய வழக்கம் என்பார்கள். 2005 முதல் அங்கே மனிதநேயச் சங்கத்தார் மதமில்லாமல் நடத்தும் கல்யாணங்களுக்குச் சட்ட ஏற்பு உண்டு, அவற்றிலும் இதைச் செய்கிறார்கள். இரண்டு கையும் ஒரே மாதிரிக் கட்டுப்படுவதால் முதல் கேள்வியில் தேறிவிடும். ஆனால் கைப்பிடித்தல் என்று நமக்கே ஒன்று இருக்கும்போது ரிப்பன் எதற்கு? பெண்ணின் கையைத் தகப்பன் எடுத்துக் கொடுக்காமல், இருவரும் தாங்களாகவே பிடித்துக்கொண்டால் சரியாகிவிட்டது. இரண்டு நிற மணலை ஒரு குடுவையில் கொட்டுவது அமெரிக்கச் சரக்கு. நம் மண்டபத்து மின்விசிறிக்குக் கீழே செய்து பார்த்தால் தெரியும் சேதி.

மண்தான் வேண்டுமென்றால் குறுந்தொகையின் 40-ஆம் பாட்டு கையருகில் இருக்கிறது. செம்மண்ணில் மழைநீர் கலப்பதை உவமையாக வைத்த பாட்டு. அழைப்பிதழ்களில் அடித்துத் துவைத்து நைந்துபோனது என்பது உண்மைதான். இருந்தாலும் அது சொல்லும் விஷயம் இந்தக் கல்யாணத்துக்கு அப்படியே பொருந்தும்: தாய் வழியிலோ தந்தை வழியிலோ எந்தச் சொந்தமும் இல்லாத இரண்டு பேர். ஒரு தொட்டியில் செம்மண், ஆளுக்கொரு செம்பு நீர், நடுவில் ஒரு வேப்பங்கன்றோ புங்கங்கன்றோ. அவரவர் வீட்டுக் கிணற்று நீரோ குழாய் நீரோ கொண்டுவந்தால் இன்னும் நல்லது. இருவரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். மண்டபத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு கைப்பிடி மண் போடலாம். பாட்டை மேடையில் முழுக்க வாசித்துப் பொழிப்புரை சொல்லாமல் இருந்தால் சரி.

இன்னொன்று, பெரியவர்கள் நிறைய இருக்கும் கூட்டத்துக்காகச் சொல்கிறேன். அணையக்கூடியது, உடையக்கூடியது எதையும் மேடைக்குக் கொண்டுவராதீர்கள். விளக்கு, மெழுகுவத்தி, கண்ணாடிக் குடுவை எல்லாம் அதில் சேரும். உங்கள் மகளுக்குச் சகுன நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், பார்க்க வந்த 300 பேருக்கு இருக்கும். விளக்கு காற்றில் அணைந்துவிட்டால், பத்து வருடம் கழித்து வீட்டில் ஒரு சின்னச் சண்டை வந்தாலும் ‘அன்னைக்கே விளக்கு அணைஞ்சுதே’ என்று எடுப்பார்கள். இதே காரணத்துக்காக வரிசையும் முக்கியம். முதலில் உறுதிமொழி, அடுத்து மாலை, அப்புறம்தான் கன்று நடுவது. கல்யாணம் முடிந்த பிறகு செம்பு தட்டிவிட்டால் அது தரை ஈரமானதோடு போகும்.

முந்தின நாள் மாலை வரவேற்பு வைக்கிறீர்களா? அங்கே புகைப்படக்காரர் மாலை மாற்றச் சொல்வார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எது கல்யாணமோ அது ஒரு தடவை நடந்தால் போதும், ஒத்திகைக்கும் செயற்கைப் புகைக்கும் இடையில் அதை நான்கு தடவை செய்துவிட்டால் பார்ப்பவர்களுக்கும் சலித்துவிடும்.

உறுதிமொழியைப் பிள்ளைகளே எழுதட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ‘உன்னை வாழ்க்கைத் துணைவராக ஏற்கிறேன்’ என்ற பொருள் மட்டும் ஒரு வாக்கியத்தில் சந்தேகமில்லாமல் இருக்கட்டும், சட்டத்துக்கு அதுதான் வேண்டும். மற்றதில் வேலைக்குப் போவது, சம்பளத்தை வைத்துக்கொள்வது, இரண்டு வீட்டுப் பெற்றோரையும் பார்த்துக்கொள்வது என்று நிஜமாகச் செய்யப் போவதை எழுதலாம். மாறி மாறி வாசிக்கட்டும்.

பேச்சாளர் விஷயத்தில் கறாராக இருங்கள். சீர்திருத்தத் திருமணங்களின் மீது எனக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. புரோகிதரை இறக்கிவிட்ட இடத்தில் தலைவர் ஏறி உட்கார்ந்துகொண்டார். அரசியல் முழுவதும் பேசி முடிக்கும்வரை மணமக்கள் வியர்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு காலத்தில் அதற்குத் தேவை இருந்தது. கல்யாண மேடைதான் புது எண்ணங்களை ஊருக்குள் கொண்டுசேர்த்த வாகனம். இன்றைக்கு அந்தத் தேவை இல்லை. தலைமை தாங்குபவருக்குப் பத்து நிமிடம், வாழ்த்துபவர்கள் இருவருக்கு ஐந்தைந்து நிமிடம் போதும். என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்ற விளக்கம் இரண்டு வாக்கியத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அந்தச் சடங்கை மாற்றுங்கள்.

கடைசியாக, பதிவு வேலை. மாலை கழுத்தில் விழும் நொடியை, சுற்றி நிற்பவர்கள் முகமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அழைப்பிதழில் இரண்டை எடுத்துவையுங்கள். சாட்சிக் கையெழுத்துக்கு வருபவர்களின் அடையாள அட்டை நகலையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த முறையில் நடந்த கல்யாணமாக இருந்தாலும் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள்தான் தருவார்கள்.